மலிவு அறைக்கு நான் எழுதிய சட்டம்

டிராவல் டெஸ்கில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களிடம் பேச வேண்டும் என்று கூப்பிட்டபோது, "மேடம், உங்க சாதனையெல்லாம் சொல்லுங்க" என்றார்கள். சாதனை என்று எண்ணினால் ஒரு கை விரலே அதிகம். தப்புக்குத்தான் குறைச்சலில்லை. அதில் ஒன்றைச் சொல்கிறேன். நடுவில் போன் வந்தால் வெளியே போய்ப் பேசுங்கள், எனக்கு வருத்தமில்லை.

இப்போது நீங்கள் ஒரு ஹோட்டலை புக் செய்வதற்கு முன்னால் அதன் பாத்ரூம் குழாய் வரைக்கும் போட்டோவில் பார்த்துவிடுகிறீர்கள். நான் சொல்வது இரண்டாயிரம் பிறந்த புதிது. பெங்களூர் தொம்மலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. வாரத்துக்கு நாலைந்து பேராவது அமெரிக்கா போவார்கள். டிக்கெட்டும் ரூமும் என் மேஜையிலிருந்துதான் போகும். அப்போதுதான் அந்த ஏல சைட் எங்கள் கண்ணில் பட்டது. ஊரையும் ஏரியாவையும் சொல்ல வேண்டும், எத்தனை ஸ்டார் என்று சொல்ல வேண்டும், நம்மால் முடிந்த விலையைச் சொல்ல வேண்டும். கிரெடிட் கார்டு நம்பரை முதலிலேயே வாங்கிக்கொள்வார்கள். எந்த ஹோட்டலாவது அந்த விலைக்குச் சம்மதித்தால் பணம் உடனே போய்விடும். அதற்கப்புறம்தான் ஹோட்டலின் பெயரையே காட்டுவார்கள். பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது. திருப்பித் தர மாட்டார்கள், மாற்ற மாட்டார்கள். பெண்ணைக் காட்டாமலே தாலி கட்டச் சொல்கிற கதை.

எனக்கு அது கைவந்துவிட்டது. எந்த ஊரில் எந்தக் கிழமை ரூம் காலியாகக் கிடக்கும், எவ்வளவு குறைத்துக் கேட்டால் ஒத்துக்கொள்வான் என்பதெல்லாம் விரல் நுனியில். நாலு ஸ்டார் ஹோட்டலை லாட்ஜ் விலைக்கு எடுத்துக் காட்டினால் அக்கவுண்ட்ஸ்காரர்கள் வந்து பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ராகு காலத்தில் மட்டும் பட்டனை அழுத்த மாட்டேன். "அமெரிக்கா ஹோட்டலுக்கு பெங்களூர் ராகு காலம் எப்படி மேடம் ஒத்துவரும்?" என்று ஒருத்தர் கேட்டார். பட்டன் இங்கேதானே இருக்கிறது என்றேன்.

முதலில் சின்னதாக ஒன்று நடந்தது. அதை அப்போதே ஒழுங்காக யோசித்திருந்தால் பெரியது நடந்திருக்காது. ஒரு மேனேஜரையும் அவருக்குக் கீழே வேலை பார்த்த பையனையும் ஒரே ரூமில் போட்டேன். ரூமில் ரெண்டு பேர் தங்கலாம் என்று சைட்டில் இருந்தது. எத்தனை கட்டில் என்று இல்லை. கதவைத் திறந்தால் ஒரே கட்டில். பையன் ரிசப்ஷனுக்குப் போய் இன்னொரு கட்டில் கேட்டிருக்கிறான். அங்கே இருந்தவர், நீங்கள் அந்த சைட் வழியாக வந்தவர், உங்களுக்குக் கட்டில் கணக்கெல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டார். பத்து ராத்திரி அப்படியே கழிந்தது. அதைப் பற்றி ரெண்டு பேரும் இன்றுவரை ஆபீஸில் வாயைத் திறந்ததில்லை. அந்த வருஷம் பையனுக்கு நல்ல ரேட்டிங் வந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அடுத்த தடவை தனித்தனி ரூம் போட்டிருந்தால் போதும். நான் என்ன செய்தேன் என்றால், உட்கார்ந்து ஒரு சட்டம் எழுதினேன். வெளிநாடு போகிறவர்களுக்கு டிக்கெட்டோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுக்க ஒரு காகிதம். ரூமை என்ன விலைக்கு எடுத்தோம் என்று யாரிடமும் சொல்லாதே. நீ சலுகை விலையில் வந்த ஆள் என்பதை மனதில் வை. ரூமுக்கு மேலே ஹோட்டலில் எதுவும் கேட்காதே, யாராவது கொடுத்தாலும் மரியாதையாக வேண்டாம் என்று சொல். ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒருத்தர் ஒரு தடவை இல்லை என்று சொன்னதற்கு, நான் உலகத்து ஹோட்டலுக்கெல்லாம் சேர்த்து சட்டம் போட்டுவிட்டேன்.

இதற்கு ஹோட்டல்காரர் மட்டும் காரணமில்லை. தொண்ணூற்றொன்றில் நான் ஒரு டிராவல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தவள். ஜீவனஹள்ளி வீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து டைப் அடிப்பேன், சாயங்காலம் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் வெள்ளைக்காரர்கள் தங்கியிருக்கிற பெரிய ஹோட்டலில் கொடுப்பேன். முன்வாசலில் இருக்கிற வாட்ச்மேன் என்னைப் பார்த்ததுமே பக்கத்து சந்தைக் காட்டுவார். காய்கறி வண்டி போகிற கேட். ஏழு வருஷம் அந்த கேட்டில்தான் போனேன், வந்தேன். ஒருநாள்கூட ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் முறை என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாட்ச்மேனை நான் அப்படியே காகிதத்தில் எழுதி ஆளாளுக்குக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது சுகுணாவுக்கு வருகிறேன். டெஸ்டிங்கில் இருந்த பெண். வீடு தொம்மலூர் ஊருக்குள்ளேயே. ஆபீஸுக்கு நடந்துதான் வருவாள். பீக் அவரில் ஏர்போர்ட் ரோட்டை ஒரு கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே குறுக்கே கடந்துவிடுவாள், பஸ்ஸெல்லாம் நிற்கும். வேலையில் கெட்டி. பேச்சு கம்மி. இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. மூன்று வாரம் அமெரிக்காவில் ஒரு கிளையண்ட் ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், அவர்கள் சரி என்று சொன்னால் வேலை உறுதி. இல்லையென்றால் அந்த மாதத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவள் வீட்டில் ஆபீஸ் வேலைக்கு வந்த முதல் ஆள் அவள். விஷயம் எவ்வளவு பெரியது என்று புரிகிறதா?

அவளுக்கு ரூம் நான்தான் எடுத்தேன். பெயர் தெரிந்ததும் மேப்பில் பார்த்தேன். கிளையண்ட் ஆபீஸும் ஹோட்டலும் நேருக்கு நேர். அளந்து பார்த்தால் அரை மைல்கூட இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "சுகுணா, உனக்கு டாக்ஸியும் வேணாம், பஸ்ஸும் வேணாம், இங்க வர்ற மாதிரியே நடந்து போயிடலாம்" என்று சொன்னேன். அவளுக்கும் சந்தோஷம். நடுவில் ஒரு ரோடு இருந்தது. மேப்பில் அது கொஞ்சம் தடித்த கோடு. ரோடு இருந்தால் கடக்க வேண்டியதுதானே. பெங்களூரில் பிறந்து வளர்ந்த ரெண்டு பேருக்கும் அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை போய்ச் சேர்ந்தாள். திங்கட்கிழமையிலிருந்து வேலை. அந்த வாரம் முழுக்க அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. போன இடத்திலிருந்து சத்தம் வரவில்லை என்றால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம், டிராவல் டெஸ்கில் அப்படித்தான் நினைப்போம். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். நினைக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழே முக்கால் இருக்கும். நான் பையை எடுத்துக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சுகுணாவின் புராஜெக்ட் மேனேஜர் ராகவன் என் மேஜைக்கே வந்துவிட்டார். அவர் குடும்பம் நாலு தலைமுறையாக பெங்களூரில் இருக்கிற தமிழ்க் குடும்பம். சாதாரணமாகத் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவார்.

"லலிதா, சுகுணாவுக்கு ரிட்டர்ன் டிக்கெட் போடுங்க. நாளைக்கே."

"ஏன் சார், உடம்பு சரியில்லையா?"

"போலீஸ் ஜீப்ல வந்து எறங்கியிருக்கா. கிளையண்ட் ஆபீஸ் வாசல்ல."

நான் பையைக் கீழே வைத்தேன். கிளையண்ட் மெயில் அனுப்பியிருந்தார். அதை அச்சடித்து எடுத்து வந்திருந்தார் ராகவன். உங்கள் ஊழியர் முதல் நாள் ஒரு மணி நேரம் லேட். அதற்கப்புறம் நேரத்துக்கு வருகிறார், ஆனால் செருப்பெல்லாம் சேறும் துணியெல்லாம் முள்ளுமாக வருகிறார். இன்று காலை எட்டு வழிச் சாலையைக் குறுக்கே கடக்கப் பார்த்திருக்கிறார், போலீஸ் பிடித்து இங்கே கொண்டுவந்து விட்டது. இது எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. இவ்வளவுதான் அதில் இருந்தது. கோபமாகக்கூட எழுதவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"ஒரு ரோட எப்படிக் கடக்கறதுன்னு தெரியாதவ, அங்க இன்னா டெஸ்ட் பண்ணுவா? வேற ஆள அனுப்பறேன்னு கிளையண்டுக்கும், திரும்பி வான்னு அவளுக்கும் சொல்லிட்டேன்" என்றார்.

மேப்பை மறுபடி திறந்தேன். அந்தத் தடித்த கோடு நெடுஞ்சாலை. நடைபாதை கிடையாது, சிக்னல் கிடையாது. கடக்க வேண்டுமென்றால் பாலம் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும். புல்லும் புதருமாக இருக்கிற ஓரத்தில் அந்தப் பெண் தினமும் ஒன்றரை மணி நேரம் நடந்து போயிருக்கிறாள், திரும்பவும் அதே மாதிரி. வெள்ளிக்கிழமை எட்டரைக்கே மீட்டிங் என்று சொல்லியிருக்கிறார்கள். நேரமாகிவிடும் என்று தொம்மலூரில் செய்கிற மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். அங்கே எந்த வண்டியும் நிற்காது. போலீஸ்காரர் இரண்டு நிமிஷம் லேட்டாக வந்திருந்தால் நான் இந்த மேடையில் நின்று பேச மாட்டேன்.

"பத்து நிமிஷம் குடுங்க சார்" என்றேன். டிக்கெட் போட என்று அவர் நினைத்துக்கொண்டு போனார்.

ஹோட்டலுக்கு ஐ.எஸ்.டி. போட்டேன். அங்கே காலை பத்தரை. என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. பக்கத்தில் டாக்ஸி ஸ்டாண்ட் இருக்கிறதா, வாரக் கூலிக்கு யாராவது கார் ஓட்டுவார்களா என்று கேட்கத்தான். ரிசப்ஷனில் ஒரு மனிதர் எடுத்தார். சுகுணாவின் ரூம் நம்பரைச் சொல்லி, எதிரே இருக்கிற ஆபீஸுக்கு அவர் எப்படிப் போவது என்று கேட்டேன்.

"எங்க வேன் இருக்கே" என்றார். "காலையில ஏழு மணியிலேருந்து அரை மணிக்கு ஒண்ணு. அந்த ஆபீஸ் கேட்டுலதான் மொதல்ல நிக்கும். காசு கெடயாது."

அவரே தொடர்ந்தார். அந்த அம்மா தினமும் காலையில் ஏழரை மணிக்கு வணக்கம் சொல்லிவிட்டு நடந்து போகிறார், டிரைவர் ரெண்டு நாள் சாயங்காலம் வழியில் பார்த்து வண்டியை நிறுத்திக் கூப்பிட்டாராம், வேண்டாம் நன்றி என்று சொல்லிவிட்டாராம். நடப்பது பிடிக்கும் போலிருக்கிறது என்று நாங்கள் விட்டுவிட்டோம் என்றார்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள். குரலைத் தாழ்த்தி, "அவங்க அந்த ஏல சைட் வழியா வந்தவங்க. அவங்களுக்கும் வேன் உண்டா?" என்று கேட்டேன்.

"எந்த சைட்?" என்றார். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, அப்படித்தான் இருக்கு. சரி, வேன் வேணுமா வேணாமா?"

அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஏழு வருஷம் காய்கறி கேட்டில் போனவளுக்கு அந்த ஒரு நிமிஷத்தில் வந்த வெட்கம் இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காலைச் சாப்பாடு பற்றியும் கேட்டேன். அதுவும் ரூம் விலையிலேயே சேர்ந்தது. சுகுணா ஒருநாளும் சாப்பிட வரவில்லை என்றார்.

இப்போது என் முன்னால் ரெண்டு வழி இருந்தது. வேன் இருப்பதை இப்போதுதான் ஹோட்டலில் சொன்னார்கள் என்று ராகவனிடம் சொல்லலாம். பொய்யும் இல்லை. சுகுணா விசாரிக்காமல் விட்டது அவள் தப்பு என்று ஆகிவிடும். திரும்பி வருவாள், ஒரு மாதத்தில் வேலை போகும். என்னுடைய காகிதத்தைப் பற்றி யாருக்கும் தெரியவே தெரியாது. இன்னொரு வழி, காகிதத்தைக் காட்டுவது. அந்த மூன்று மாதத்துக்கான செலவுக் குறைப்புப் பரிசுக்கு என் பெயரைப் போட்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடனே முடிவெடுத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் அது உண்மையில்லை. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு, கண்ணாடி முன்னால் ஐந்து நிமிஷம் நின்றேன். அதற்கப்புறம் டிராயரிலிருந்து அந்தக் காகிதத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு ராகவன் ரூமுக்குப் போனேன்.

படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"ஏன்ரீ இது?" என்றார். கன்னடம் வந்துவிட்டது. "யார் எழுதினது?"

"நான்தான் சார். யாராவது குடுத்தாலும் வேணாம்னு சொல்லுன்னு எழுதியிருக்கேன். அவ சொல்லியிருக்கா."

"இத எத்தன பேருக்குக் குடுத்தீங்க?"

"போன எல்லாருக்கும். ஒரு நாப்பது பேர் இருக்கும்."

"நாப்பது பேருமா வேன்ல ஏறாம, சாப்புடாம இருந்தாங்க?"

"மத்தவங்க யாரும் இத படிக்கல சார். இவ ஒருத்திதான் படிச்சிருக்கா."

ராகவன் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கிளையண்டுக்கு வேறு ஆள் அனுப்புவதாக எழுதிவிட்டேனே என்றார். நான் எழுதி விளக்குகிறேன் என்றேன். டிராவல் டெஸ்க் கிளையண்டுக்கு எழுதுவதெல்லாம் எங்கள் ஆபீஸில் நடக்காத காரியம். "நீங்க எழுத வேணாம், நான் எழுதறேன். ஆனா உங்க பேரப் போட்டுத்தான் எழுதுவேன்" என்றார். போடுங்கள் சார் என்றேன். போட்டார். எங்கள் பயணப் பிரிவைச் சேர்ந்த லலிதா கொடுத்த தவறான அறிவுரையால் என்று ஆரம்பித்து மூன்று வரி. பக்கத்தில் நின்று நானே ஸ்பெல்லிங் பார்த்துக் கொடுத்தேன். அரை மணியில் பதில் வந்தது. அந்தப் பெண்ணின் வேலையைப் பற்றி எங்களுக்குக் குறை எதுவும் இல்லை, வேன் இருந்தால் நல்லது, திங்கட்கிழமை பார்ப்போம் என்று எழுதியிருந்தார்.

அந்த மூன்று மாதத்துப் பரிசு, கேண்டீனில் காகித டம்ளரை நிறுத்தியவருக்குப் போனது. என் வருஷ ரிப்போர்ட்டில் 'பயணிகளுக்கு வழிகாட்டுவதில் தெளிவு தேவை' என்று எழுதினார்கள். சரியாகத்தான் எழுதினார்கள். அந்தக் காகிதம் டிராயரில் ஒரு கட்டு இருந்தது, எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். ஏல சைட்டை விடவில்லை. ரூமை மலிவாக எடுப்பதில் ஒரு தப்பும் இல்லை, அது உங்கள் திறமை. அதில் போய்த் தங்குகிற ஆளை மலிவாக நினைக்கிறீர்களா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹோட்டல்காரர்கள்கூட நினைப்பதில்லை, பெரும்பாலும் நாம்தான் நினைக்கிறோம்.

சனிக்கிழமை லீவு. ஆனாலும் சாயங்காலம் ஆபீஸுக்கு வந்தேன், சுகுணாவிடம் பேச. அங்கே அப்போது காலை. ரூமிலேயே இருந்தாள். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டாள்.

"பெட்டியெல்லாம் கட்டிட்டேன்க்கா. ஃப்ளைட்டு எத்தன மணிக்கி?" என்றாள். அழுத குரல் இல்லை. அழுது முடித்த குரல்.

"நீ வரல சுகுணா. மிச்சம் ரெண்டு வாரமும் அங்கதான் இருக்கப்போற" என்றேன். திங்கட்கிழமை காலையில் கீழே வேன் நிற்கும், ஏறி உட்கார்ந்துகொள் என்று சொன்னேன். காசு கேட்டால் என்று கேட்டாள். கேட்க மாட்டார்கள் என்றேன். இப்போதே கீழே போய்ச் சாப்பிடு, தட்டை எடுத்து நீயே போட்டுக்கொள்ளலாம் என்றேன்.

"அது நமக்கும் உண்டா? தெனமும் லிஃப்ட்டு தொறந்தா தோச வார்க்கற மாதிரி ஒரு வாசன வரும். நான் ரூம்ல பிஸ்கட்டு வெச்சிருக்கேன்க்கா" என்றாள். துண்டு மாற்ற வருகிற அம்மாவையும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டாளாம். முதல் நாள் வைத்திருந்த ஒரே துண்டைத் தினமும் அலசி பாத்ரூம் கம்பியில் போட்டிருக்கிறாள்.

அந்த நேரத்தில் என் மேலே எனக்கு வந்த கோபத்தை அவள் மேலேயே காட்டினேன், அதுதான் நம் வழக்கம். "ஏம்மா, ஹோட்டல்ல கேக்கலன்னா போகுது. எனக்கு ஒரு மெயில் போடக் கூடாதா? வழி இல்ல, நடக்க முடியலன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?" என்று கத்தினேன்.

"எதுவும் கேக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தீங்களேக்கா. அதுல நீங்களும் சேத்தின்னு நெனச்சேன்."